வண்டியைப் பிடித்துவிட்டார்களா? கையில் என்ன சீட்டு கொடுத்தார்கள் என்று பாருங்கள்

"ஃபைன் கட்டிட்டேன் தம்பி, வண்டிய குடுக்க மாட்டேங்குறாங்க." மீன் விற்கிற அக்கா ஒருவர் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தபோது சொன்ன முதல் வார்த்தை இது. கட்டியதற்குச் சீட்டு எங்கே என்று கேட்டேன். சீட்டு இல்லை. சோதனை நடந்த இடத்தில் யாரோ சொன்ன நம்பருக்கு மகன் ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பியிருக்கிறான். அரசுக் கணக்கில் அந்தப் பணம் ஏறவில்லை, அபராதமும் கட்டியதாக ஆகவில்லை. எக்ஸெல் வண்டி ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது, பின்னால் கட்டிய மீன் டப்பாவோடு.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களில் இது மாதத்துக்கு நாலு தடவை நடக்கிறது. விடிகாலை ஏலம் முடிந்து மீனை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் பறக்கிற நேரம் பார்த்துத்தான் சோதனையும் நடக்கும். ஐஸ் உருகுகிறது என்கிற பதற்றத்தில் எதையாவது கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இதுதான்: மோட்டார் வாகனச் சட்டம், 1988. 2019 திருத்தத்தில் அபராதங்கள் ஏறின, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 1000. மூன்று பேர் போனாலும் 1000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் தடவை 2000, அடுத்த தடவை 4000. லைசென்ஸ் இல்லையென்றால் 5000. வரலாறு இவ்வளவு போதும்.

முதல் விஷயம், சலான். அபராதம் போட்டால் மெஷினில் சீட்டு வரும், அல்லது போனுக்குச் செய்தி வரும். அதில் சலான் எண், வண்டி எண், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை எல்லாம் இருக்கும். இது இல்லாமல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கடலில் போட்டதுதான். கையில் பணம் இல்லை, சலான் போடுங்கள், ஆன்லைனில் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சொல்கிற விதம் முக்கியம். குரலை உயர்த்தினால் 179 என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை, வேலைக்கு இடைஞ்சல் செய்தார் என்று, அதற்கு 2000. ஆயிரத்தில் முடிய வேண்டியதை வாயால் மூவாயிரம் ஆக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சீட்டு கைக்கு வந்ததும் பிரிவு எண்ணைப் படியுங்கள். ஹெல்மெட்டுக்கு 194டி என்று இருக்க வேண்டும், பக்கத்தில் வேறு எண் இருந்தால் அது எதற்கு என்று அங்கேயே கேளுங்கள். தப்பான சலான் என்றால் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு நானே மனு எழுதினாலும் ஒன்றும் நடக்காது. சலான் தளத்திலேயே புகார் பதியலாம், கோர்ட்டில் மறுக்கலாம்.

அடுத்து, வண்டியைப் பிடிப்பது. இங்கேதான் ஆளாளுக்கு ஒரு சட்டம் பேசுவார்கள். வண்டியைப் பிடித்து வைக்கிற அதிகாரம் 207வது பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது குறைந்தவர் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாத வண்டி என்று அதில் எழுதியிருக்கிறது. ஹெல்மெட் அந்தப் பட்டியலில் இல்லை. "எந்தப் பிரிவுல சார் புடிச்சிருக்கீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். லைசென்ஸ் இல்லாததற்கும் பெர்மிட் இல்லாததற்கும்கூட, வண்டியைப் பிடிப்பதற்குப் பதில் ஆர்சி புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். லைசென்ஸ் உள்ள ஒருவரைப் போன் போட்டு வரவழைத்து, ஆர்சியைக் கொடுத்துவிட்டு வண்டியை அவர் ஓட்டிப் போகட்டும் சார் என்று கேட்டுப் பாருங்கள், சில நேரம் நடக்கிறது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206ன்படி தற்காலிகச் சீட்டு தர வேண்டும், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் வண்டி ஓட்டலாம். ஆனால் ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் போனது, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவற்றுக்கு வாங்கியிருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது. சீட்டு தராமல் லைசென்ஸை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "சாயந்தரம் வந்து பாரு" என்றால் அது வேறு கணக்கு. சாவியைப் பிடுங்குவது எந்தப் பிரிவிலும் இல்லை.

ஆவணம் காட்டுவதில் ஒரு வேதனை. அரசு ஆப்களான டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருந்தால் அசலுக்குச் சமம், யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ் கேட்டால் போனில் காட்டினால் போதும். ஆனால் வாட்ஸாப்பில் மகள் அனுப்பிய போட்டோ, லேமினேட் செய்த ஜெராக்ஸ் எல்லாம் செல்லாது. டிஜிலாக்கரில் ஆர்சியை இழுக்கப் போனால் ஆதாரில் ஒரு பெயர், ஆர்சியில் ஒரு பெயர் என்று நிற்கும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்கு ஒரு வண்டிக்காரர் மூன்று தடவை இ-சேவை மையம் போய்வந்தார். எம்பரிவாஹனில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் கொடுத்தால் ஏறிவிடும், முதலில் அதை முயலுங்கள். கரையோரத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் விஷயம். ஊரில் எந்த எக்ஸெல்லையும் இன்னும் "டிவிஎஸ் பிப்டி" என்றுதான் சொல்கிறோம். பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேல் போகாத வண்டியை, அதுவும் லைசென்ஸ் எடுத்துவிட்டு. எக்ஸெல் 100 என்பது 99.7 சிசி. பேர்தான் பிப்டி. பதினேழு வயதுப் பையன் அதில் ஐஸ் வாங்கப் போய்ப் பிடிபட்டால் 199ஏ பிரிவு வருகிறது: பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பக்கத்துத் தெருவுக்குத்தானே என்பதெல்லாம் கேஸ் போட்ட பிறகு எடுபடாது.

குடியைப் பற்றிப் புத்திமதி சொல்லப் போவதில்லை. ராத்திரி குடித்துவிட்டுத் தூங்கி, விடிகாலை எழுந்து முகம் கழுவிக்கொண்டு கிளம்பினால் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அது காலையிலும் காட்டும். முதல் தடவை 10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும்கூட. அதைக் கோர்ட்டில்தான் முடிக்க வேண்டும். ஊதியதும் மெஷினில் வந்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். புதுச்சேரி, காரைக்கால் எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. பாட்டில் கடத்திப் பிடிபட்டால் அது டிராஃபிக் கேஸ் இல்லை, மதுவிலக்குச் சட்டம், வண்டியையே பறிமுதல் செய்து ஏலம் விட்டுவிடுவார்கள். சொந்தக்காரன் கேட்டானே என்று வண்டியை இரவல் கொடுத்தாலும் போவது உங்கள் வண்டிதான்.

இனி உண்மையான தலைவலிக்கு வருகிறேன். பெயர். பிடித்த வண்டியை ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கொடுப்பார்கள். நம் ஊரில் பாதி வண்டி மூன்று கை மாறி வந்தது. முதல் சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருப்பார், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும், படிவம் 29, படிவம் 30. வெறும் ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கியதை ஸ்டேஷனில் நீட்டினால் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சலான் செய்தியும் பழைய சொந்தக்காரர் போனுக்குத்தான் போகும். உங்களுக்குத் தெரியாமல் ஏழெட்டு சலான் சேர்ந்திருக்கும், பெயர் மாற்றப் போகிற அன்று ஆர்டிஓ ஆபீஸில்தான் தெரியும். வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கமும் போட்டு இ-சலான் தளத்தில் பார்க்கலாம் என்றால், ஓடிபி பழைய நம்பருக்குப் போகும். முதலில் ஆர்சியில் போன் நம்பரை மாற்றுங்கள்.

அந்த அக்காவின் கதை இதைவிட மோசம். ஆர்சி கணவர் பெயரில். அவர் இறந்து இரண்டு வருடம். அக்காவிடம் லைசென்ஸும் இல்லை, அதனால்தான் 207ல் பிடித்தார்கள். ஸ்டேஷனில் "ஓனரைக் கூட்டிட்டு வா" என்றார்கள். ஓனர் இறந்துவிட்டார் என்றால் "ஆர்டிஓல பேர் மாத்திட்டு வா". ஆர்டிஓ ஆபீஸில் "வண்டியக் கொண்டுவா, பாத்துட்டுத்தான் மாத்துவோம்". வண்டி எங்கே இருக்கிறது? ஸ்டேஷனில். இந்த வட்டத்தில் ஒன்பது நாள் சுற்றினார், ஒவ்வொரு நாளும் வியாபாரம் போச்சு.

வீட்டில் வண்டிச் சொந்தக்காரர் இறந்துபோனால் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். போட்டால் மூன்று மாதம் வரை வண்டியை உங்கள் வண்டி மாதிரியே ஓட்டலாம். அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு. வாரிசுச் சான்று தாசில்தார் ஆபீஸில் இருந்து வர வேண்டும், விஏஓ, ஆர்ஐ என்று படிப்படியாக நகரும், ஒவ்வொரு படியிலும் யாராவது லீவில் இருப்பார்கள். துக்க வீட்டில் இதை யார் நினைப்பார்கள் என்று கேட்பீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இ-சேவையில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்டேஷன் கொடுக்கவில்லை என்றால் கோர்ட்டில் வண்டி விடுவிப்பு மனு போடலாம். பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. விபத்து வண்டி என்றால் இன்னும் தெளிவு, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து நடைமுறை முடிந்த 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 136வது பிரிவு சொல்கிறது. வெளிமாநில வண்டி, கம்பெனி வண்டி கதைக்குள் நான் போகவில்லை.

வாட்ஸாப்பில் "உங்கள் வண்டிக்குச் சலான்" என்று ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள், தொட்டால் வங்கிக் கணக்கு காலி. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். பாதி அபராதம் தள்ளுபடி என்று வரும் செய்தி கர்நாடகாவிலோ தெலங்கானாவிலோ எப்போதோ வந்தது, அதை நம்பிச் சலானைக் கிடப்பில் போடாதீர்கள். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை எண் 1064.

எங்கே மனு கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். "வீட்ல காட்டணும் சார்" என்று சொல்லுங்கள். சீல் போட மறுத்தால் மறுபேச்சு வேண்டாம், போஸ்ட் ஆபீஸ் போய் எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட்.

அக்காவுக்கு அப்படித்தான் செய்தோம். தபால் ரசீது, வாரிசுச் சான்று விண்ணப்ப எண், படிவம் 31 கொடுத்த ஒப்புகை, 5000க்கான சலான் ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுபோனோம். லைசென்ஸ் உள்ள அண்ணன் மகன் வந்து வண்டியை எடுத்தான். இருபத்து மூன்றாம் நாள். உப்புக் காற்றில் செயின் இறுகி, பிரேக் கம்பி துருவேறி, ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்குப் போனோம், பில் 1800.