பத்தக்கோன்: பணமா, சீட்டா?

2001-இல் அர்ஜென்டினா கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, புவேனோஸ் அயர்ஸ் மாகாண அரசு தானே அச்சடித்துச் சம்பளமாகக் கொடுத்த காகிதம்தான் பத்தக்கோன். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் 'பட்டக்கோன்' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அது நம்முடைய 'த', நாக்கு பல்லைத் தொடும் ஒலி.

சொல் பழையது. வெள்ளி நாணயத்துக்கு வழங்கிய பெயர் இது. பெசோ என்பது அர்ஜென்டினாவின் பணம்; 1881 முதல் அந்நாடு அடித்த 25 கிராம் வெள்ளி பெசோவையும் பத்தக்கோன் என்றே அழைத்தார்கள். கையில் கனத்த காசின் பெயர், கடைசியில் காகிதத்துக்கு வந்து சேர்ந்தது.

2001-இல் ஒரு பெசோ ஒரு அமெரிக்க டாலர் என்று சட்டமே இருந்ததால், கையில் டாலர் இல்லாமல் நினைத்தபடி நோட்டு அடிக்க வழியில்லை. வரி வசூலும் படுத்துவிட்டது. அதனால் ஆகஸ்ட் மாதத்திலிருந்து மாகாண ஊழியர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி பெசோவாகவும் மிச்சம் பத்தக்கோனாகவும் வந்தது. பார்க்க நோட்டு மாதிரியே இருக்கும், ஆனால் சட்டப்படி அது மாகாணக் கருவூலத்தின் கடன் பத்திரம், ஆண்டுக்கு 7% வட்டி, முதிர்வுத் தேதி எல்லாம் உண்டு. அதைக் கொண்டு மாகாண வரி கட்டலாம், மளிகை வாங்கலாம். 'பத்தக்கோன் வாங்கப்படும்' என்று கடைகளில் எழுதி ஒட்டினார்கள். டிசம்பரில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோதான் எடுக்கலாம் என்று ஆனபோது பல வீடுகளில் அடுப்பெரிந்தது இந்தக் காகிதத்தால்தான். கோர்தோபா போன்ற மற்ற மாகாணங்களும் தங்கள் பெயரில் இப்படி வெளியிட்டன. 2003-இல் மத்திய அரசு பெசோ கொடுத்து இவற்றைத் திரும்ப வாங்கத் தொடங்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அங்கே இந்த வகைக்குப் பொதுப்பெயர் 'குவாசிமொனேதா', அதாவது ஏறக்குறையப் பணம். 'குவாசி' என்றாலே 'போலி' என்று போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் 'போலிப் பணம்' என்றதும் யாருக்கும் கள்ளநோட்டுதான் ஞாபகம் வரும். மாதம் முழுக்கப் பாடம் நடத்திய ஒரு ஆசிரியை வாங்கிய சம்பளத்தை அப்படிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 'உள்ளூர்ப் பணம்' என்றால் நெருக்கடி விட்டுப்போகிறது.

நான் 'நெருக்கடிச் சீட்டு' என்பேன். கடன் சீட்டு, அடகுச் சீட்டு என்னும்போது, சீட்டை வைத்திருப்பவருக்கு யாரோ ஒன்றைத் தர வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தானாகவே புரியும். பத்தக்கோனும் அதேதான். முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து ஜெர்மன் நகராட்சிகள் அடித்த 'நோட்கெல்ட்'டுக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். அங்கே 'நோட்' என்பது நம் நோட்டு இல்லை, நெருக்கடி. 'கெல்ட்' என்றால் பணம்.

2024-இல் அர்ஜென்டினாவின் லா ரியோஹா மாகாணம் 'சாச்சோ' என்ற பெயரில் மறுபடியும் இப்படி ஒன்றை வெளியிட்டது. அதையும் நெருக்கடிச் சீட்டு என்றே எழுதலாம்.