மெனு: பட்டியா, பட்டியலா?

மெனு: செய்யக்கூடிய வேலைகளைக் கணினித் திரையில் வரிசையாக எழுதிக்காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பகுதி.

சொல்லின் வேர் லத்தீன் 'மினூட்டஸ்'. சிறியது, நுணுக்கமானது என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'மெனு' ஆக்கி, ஒன்றும் விடாமல் எழுதிய விவரப் பட்டியலுக்குப் பெயராக வைத்தார்கள். விருந்தில் என்னென்ன உண்டு என்று எழுதிய தாளுக்கும் அதே பெயர் வந்தது. நேரத்தைக் குறிக்கும் 'மினிட்'டுக்கும் இதுவே வேர்.

கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சிட்ட காலத்தில், 'நினைவில் வைக்க வேண்டாம், பார்த்து எடுத்துக்கொள்' என்றது மெனு. 1983இல் ஆப்பிளின் லிசா கணினியில் அது திரையின் மேல்விளிம்பிலிருந்து இறங்கியது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 இடது கீழ்மூலையில் 'ஸ்டார்ட்' பொத்தானை வைத்தது. கோடிக்கணக்கான கைகள் அந்த மூலைக்குப் பழகின. இலையில் உப்பு இடது ஓரத்தில்தான் இருக்கும் என்று கைக்குத் தெரிவதுபோல.

2012இல் விண்டோஸ் 8 அந்த மெனுவையே எடுத்துவிட்டுத் திரை முழுக்கக் கட்டங்களைப் பரப்பியது. எதிர்ப்பு கிளம்பவே 2013இல் பொத்தான் திரும்பியது, 2015இல் விண்டோஸ் 10உடன் மெனுவும் திரும்பியது. 2021இல் விண்டோஸ் 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸிலும் இதே கதைதான். 2011இல் அதன் திரைச்சூழல்களில் ஒன்றான க்னோமின் மூன்றாம் பதிப்பு பழைய மெனுவைக் கைவிட்டதும், மனம் ஒப்பாதவர்கள் பழைய க்னோமைப் பிரித்தெடுத்து 'மாட்டே' என்று தனியாக வளர்த்தார்கள்.

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில், முகூர்த்த மாதத்தில் டிடிபி போடுபவரைப் பாருங்கள். பென்டிரைவில் வந்த கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்துகிறார். விண்டோஸ் 11 குறுக்கப்பட்ட மெனுவைக் காட்டுகிறது. வெட்டு, நகல், பெயர்மாற்று என்று சொற்கள் இருந்த இடத்தில் முதலில் வெறும் படங்களே இருந்தன. சொற்கள் பிறகுதான் சேர்ந்தன. அவர் தேடும் வேலை அதில் இல்லையென்றால் இன்னொரு வரியை அழுத்திப் பழைய மெனுவைத் திறக்க வேண்டும். ஒரு நாளில் நூறு கோப்பு என்றால் நூறு அழுத்து கூடுதல். விவரமாக விரித்துக் காட்டுவதற்கென்றே பிறந்த சொல்லின் பெயரால் விவரத்தை ஒளிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழில் இதற்கு 'பட்டி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செட்டிநாட்டில் பட்டி என்றால் மகிபாலன்பட்டி, கண்டவராயன்பட்டி என்று ஊர். இல்லையேல் ஆடுமாடு அடைக்கும் இடம். கணினியிலும் 'பணிப்பட்டி', 'கருவிப்பட்டி' என்று நீளமான கச்சையைக் குறிக்க அது ஏற்கெனவே ஆகிவிட்டது. 'நிரல்' என்பதும் பொருந்தாது. அது ப்ரோக்ராமுக்கு நிலைத்துவிட்டது.

'பட்டியல்' சரியான சொல். கல்யாண வீட்டில் சமையல்காரர் சாமான் பட்டியல் தருகிறார், வீட்டார் பலகாரப் பட்டியல் போடுகிறார்கள். எழுதியிருப்பது எல்லாம் கண்ணில் படும். வெறும் விவர வரிசையிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'தெரிவுப் பட்டியல்' எனலாம். ஸ்டார்ட் மெனுவைத் 'தொடக்கப் பட்டியல்' என்றும், வலது பொத்தானில் வருவதை 'வலச்சொடுக்குப் பட்டியல்' என்றும் எழுதலாம். பேச்சில் மெனு என்றே இருக்கட்டும். அந்தச் சொல் ஊருக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.