குமிழ் செக்ஸ்டன்ட்: ஆறிலொரு பங்கு இல்லாத கருவிக்கு என்ன பெயர்?

'செக்ஸ்டான்ஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஆறிலொரு பங்கு என்று பொருள். மாலுமிகள் பயன்படுத்தும் செக்ஸ்டன்டின் அளவுவில் வட்டத்தில் ஆறிலொரு பங்கு, அதாவது 60 பாகை. கண்ணாடிகளில் ஒளி இருமுறை திரும்புவதால் அதைக்கொண்டு 120 பாகை வரை அளக்கலாம். சூரியனின் பிம்பத்தை இறக்கி அடிவானத்தைத் தொட வைத்தால் ஏற்றக்கோணம், அதாவது அடிவானத்துக்கு மேலே சூரியன் நிற்கும் கோணம், கிடைக்கும். அதைக்கொண்டுதான் இருப்பிடத்தைக் கணிப்பார்கள்.

விமானத்திலோ, இரவில், மேகத்துக்கு மேலே, அடிவானத்துக்கு எங்கே போவது? அதனால்தான் குமிழைக் கொண்டுவந்தார்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றால் மட்டம் சரி, இல்லையா? அதே குமிழ் இங்கே அடிவானத்தின் இடத்தில் நிற்கிறது. போர்ச்சுகல் கடற்படை அதிகாரி காகோ கூட்டின்யோ 1922இல் தென் அட்லாண்டிக்கைக் கடந்து பறந்தபோது இப்படி ரசமட்டம் பொருத்திய செக்ஸ்டன்டைத்தான் நம்பிப் போனார்.

கண்ணை வைத்துப் பார்த்தால் ஒளிரும் ஒரு வளையம் தெரியும், அதுதான் குமிழ். திருகைத் திருப்பி அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். நட்சத்திரத்தை வளையத்தின் நட்டநடுவில் கொண்டுவர வேண்டும். குமிழ் ரொம்பச் சிறிதானால் மந்தமாக நகரும். ரொம்பப் பெரிதானால் நடு எது என்று கண் தடுமாறும். சூரியனின் விளிம்பைத் தொட வைக்காமல் மையத்தையே பிடிப்பதால் அரைவிட்டத் திருத்தம் தேவையில்லை. உயரத்திலிருந்து பார்ப்பதால் அடிவானம் தாழ்ந்து தெரிவதற்கான திருத்தமும் வேண்டாம்.

துல்லியம்தான் சிக்கல். ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதிலொரு பங்கு, பிழைத்தால் இருப்பிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. தள்ளிப்போகும். நல்ல கடல் செக்ஸ்டன்டில் கலையின் பத்திலொரு பங்கு வரை படிக்கலாம். குமிழ்க் கருவியில், உறுதியான தரையில் நின்று பல அளவுகளின் சராசரி எடுத்தால் ஓரிரு கலைக்குள் வரும். பறக்கும்போது ஒற்றை அளவில் பத்து கலை தவறுவது சாதாரணம். விமானம் லேசாகத் திரும்பினாலும் வேகம் கூடினாலும் குமிழ் ஏமாந்துவிடுகிறது. புவியீர்ப்பையும் முடுக்கத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. எத்தனை நுட்பமாகக் கடைந்து செய்தாலும் இந்தக் குறை போகாது.

அதனால் இரண்டாம் உலகப்போர்க் காலக் கருவிகளை ஒப்பிடும்போது சராசரி எடுக்கும் விதத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பிரிட்டனின் மார்க் 9ஏ, கடிகார விசையால் இரண்டு நிமிடத்தில் 60 அளவுகளைச் சேர்த்துச் சராசரி தரும். அமெரிக்காவின் ஏஎன்-5851இலும் கடிகார விசைதான். ஏ-10இல் ஒவ்வொரு அளவும் பென்சில் கோடாகப் பதியும். கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். லிங்க் நிறுவனத்தின் ஏ-12 கைக்கு இலகுவானது, எளிமையானது. தரையில் நின்று பழக எனக்கு அதுவே போதும். பறப்பதென்றால் மார்க் 9ஏ.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆறிலொரு பங்கு வில் இந்தக் கருவியில் கிடையாது. அடிவானம் முதல் உச்சி வரை, 90 பாகை அளந்தால் போதும். எனவே லத்தீன் வேரை அப்படியே பெயர்ப்பதில் பயனில்லை. 'கோணமானி' என்றால் பள்ளி வடிவியல் பெட்டிதான் நினைவுக்கு வரும். 'ரசமட்டம்' அழகான சொல், ஆனால் அது மட்டத்தை மட்டுமே சொல்கிறது. அளப்பது ஏற்றக்கோணம், அளக்க உதவுவது குமிழ். ஆகவே எழுத்தில் 'குமிழ் ஏற்றக்கோணமானி' என்பேன். பேச்சில் 'குமிழ் செக்ஸ்டன்ட்' என்றே இருக்கட்டும்.