நீல மூட்டமும் நிலக்கரிப் புகையும்

1980-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிரசாரம் செய்தபோது, காற்று மாசில் பெரும்பங்கு மரம் செடிகளிலிருந்தே வருகிறது என்று சொல்லப்போய் ரொனால்ட் ரீகன் ஊரெல்லாம் கேலிக்கு ஆளானார். "நான் மறுபடி கொலை செய்வதற்குள் என்னை வெட்டிவிடுங்கள்" என்று கல்லூரி மாணவர்கள் மரத்தில் அட்டை எழுதி மாட்டினார்கள். கேலி நியாயமானதுதான். ஆனால், மரங்கள் ஆவி விடுகின்றன என்ற அளவில் அவர் சொன்னதில் உண்மை உண்டு.

ஓக் மரத்து இலைகள் வெயிலில் ஐசோப்ரீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. சூடு ஏற ஏற அதுவும் கூடும். உலகத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோப்ரீனை விடுகின்றன. பைன் காட்டில் மூக்கைத் துளைக்கும் வாசனைக்குக் காரணம் பைனீன் போன்ற மோனோடெர்ப்பீன்கள்.

இவையெல்லாம் வாயுக்கள். கண்ணுக்கு மூட்டமாகத் தெரியும் துகளாக வேண்டுமென்றால் முதலில் ஆவியாக மிதக்கும் தன்மையை இழக்க வேண்டும். அந்த வேலையைக் காற்றிலுள்ள ஓசோனும், ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறும் செய்கின்றன: மூலக்கூறில் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. பைனீனில் 10 கார்பன் அணுக்கள். ஓசோன் ஒருமுறை தாக்கினால் போதும், அதன் பிறகு சில நொடிகளில் பைனீன் தானாகவே அடுத்தடுத்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அப்படிக் கனத்துப்போனவை கந்தக அமிலத்தின் உதவியே இல்லாமல் ஒன்றுகூடித் துகளாக முடியும் என்று ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வகத்தின் 'கிளவுட்' பரிசோதனை 2016-இல் காட்டியது. டென்னசி, வட கரோலைனா எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைகள் போன்ற காட்டுப் பகுதிகளில் தெரியும் நீல மூட்டத்துக்கு மர ஆவிகளே காரணம் என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1960-லேயே எழுதியிருந்தார். மிகச் சிறிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். துகள் பெருத்தால் எல்லா நிறமும் சிதறி, மூட்டம் வெளுத்துவிடும். பிற்பாடு அந்த மலைகளில் அதுவும் நடந்தது.

ஐசோப்ரீன் விஷயம் வேறு. அதில் 5 கார்பன்தான். ஆக்சிஜன் ஏறினாலும் பெரும்பாலும் வாயுவாகவே திரியும் என்பதால், இது துகளாகாது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். 2004-இல் அமேசான் காட்டுக் காற்றின் துகள்களில் ஐசோப்ரீனின் கார்பன் கட்டமைப்பைக் கொண்ட சேர்மங்கள் சிக்கின. எப்படி வந்தன? ஹைட்ராக்சில் இருமுறை தாக்கியதும் ஐசோப்ரீன் ஓர் எபாக்சைடு ஆகிறது. அதன் மூன்று அணு வளையம் இறுக்கமானது, அமிலம் பட்டால் திறந்துகொள்ளும். அமெரிக்கத் தென்கிழக்கில் அந்த அமிலத்தைக் கொடுப்பது பெரும்பாலும் அனல்மின் நிலையம். நிலக்கரியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு, ஈரமும் புளிப்புமான சல்பேட் துகளாகிறது. எபாக்சைடு அதில் மோதினால் வளையம் திறக்கும், நீரோ சல்பேட்டோ வந்து ஒட்டும். அப்புறம் அது லேசில் ஆவியாகத் திரும்பாது.

வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் இரட்டை வேடம் போடுபவை. பகலில் அதிகமாக இருந்தால் எபாக்சைடு வழியை அடைத்துவிடும். இரவிலோ, ஓசோனோடு சேர்ந்து நைட்ரேட் என்ற துடிப்பான மூலக்கூறுகளாகி, மோனோடெர்ப்பீன்களைத் தாக்கித் துகளில் சேர்த்துவிடும்.

2013 கோடையில் அலபாமாவின் சென்டர்வில் அருகே, காட்டுப் பகுதியில் இதைப் பெரிய அளவில் அளந்தார்கள். அமெரிக்கத் தென்கிழக்கின் கோடைக்காலக் கரிமத் (கார்பன் சேர்மங்களாலான) துகள்களில் 43 முதல் 70 சதவீதம் மனித மாசின் பிடியில் இருப்பதாகக் கணக்கு வந்தது. துகளின் கார்பனை மட்டும் சோதித்தால் பெரும்பாலும் தாவரத்தினுடையது என்றே காட்டும். ரீகனின் வாதம் தடுக்கி விழுவது இங்கேதான்.

1990-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டது. மின் நிலையங்களின் கந்தகப் புகை படிப்படியாகக் குறைய, தென்கிழக்கில் சல்பேட் குறைந்தது. கூடவே கரிமத் துகள்களும் குறைந்தன, ஓக் மரங்களை யாரும் வெட்டித் தள்ளாமலேயே. கந்தகம் குறைந்த இடங்களில் ஆய்வாளர்களின் கவனம் இப்போது அந்த இரவு நேர நைட்ரஜன் வழியின் பக்கம் போகிறது.