உப்பும் கதவு

ஒரு தடிமனான மரக்கதவு. இந்தப் பக்கம் நான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கதவின் நடுப்பகுதி மெதுவாக உள்பக்கமாக உப்புகிறது. மரம் முனகுகிறது. பிறகு பழையபடி தட்டையாகிறது. மறுபடியும் உப்புகிறது.

ராபர்ட் வைஸ் இயக்கி 1963-இல் வெளிவந்த ‘தி ஹாண்டிங்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சி இது. பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல்தான் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு பழைய மாளிகை, அதில் தங்க வரும் சில பேர், இருண்ட தாழ்வாரம், கிறீச்சிடும் கதவுகள் எல்லாம் எத்தனையோ முறை பார்த்துச் சலித்த சங்கதிகள். ரத்தம் கிடையாது. பேயின் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. ஆனால் கதவு உப்பிய இடத்தில், நாற்காலியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த என் கால்கள் தாமாகவே மேலே ஏறிக்கொண்டன. படம் முடிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். எதையுமே காட்டாமல் இந்தப் படம் இந்த வேலையை எப்படிச் செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பேய்ப்படம் பார்க்கும்போது வரும் பயம் என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, சட்டென்று திடுக்கிடுவது. மற்றது, வயிற்றுக்குள் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் கலக்கம்.

திடுக்கிடுவதற்கு யோசனை தேவையில்லை. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால், காதிலிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்களைத் தொட்டுவிட்டு நேராகத் தண்டுவடத்துக்கு இறங்கிவிடுகிறது. குறுக்குவழி. கண் இமைக்கத் தொடங்குவதற்கு 30 முதல் 50 மில்லிநொடி போதும். அது என்ன சத்தம் என்று மூளையின் மேல்தளம் விசாரிக்கத் தொடங்குவதற்குள் இமை மூடி, கழுத்து உள்வாங்கி, தோள் குறுகத் தொடங்கியிருக்கும். கார்னி லேண்டிஸ், வில்லியம் ஹன்ட் என்ற இரு உளவியலாளர்கள், துப்பாக்கிச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, அதைப் பற்றி 1939-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்கள். சத்தம் பழகப் பழகக் கையும் தோளும் அடங்கிவிடுகின்றன. கண் இமைப்பது மட்டும் லேசில் அடங்குவதில்லை.

இந்த வித்தையை எந்தப் படமும் செய்துவிடலாம். அமைதியான காட்சியில் தடாரென்று ஒரு சத்தம் போட்டால் ஆயிற்று. இதற்காக மட்டும் ஒரு படத்தைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை.

கலக்கத்தை உண்டாக்குவதுதான் கஷ்டம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ‘இன்சிடியஸ்’, ‘தி கான்ஜுரிங் 2’ என்ற இரண்டு பேய்ப்படங்களைப் போட்டுக் காட்டினார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், கலக்கம் கூடக் கூடப் பார்வைக்கும் செவிப்புலனுக்குமான மூளைப் பகுதிகள் மும்முரமாயின. திடுக்கிட வைக்கும் கட்டம் வந்ததும், ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கும் பகுதிகள் முன்னுக்கு வந்தன. அதாவது, ஒன்றுமே நடக்காத அந்த நீண்ட நிமிடங்களில் மூளை சும்மா இல்லை. கண்ணையும் காதையும் தீட்டி வைத்துக்கொண்டு, அடுத்து எங்கிருந்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் திரைச்சீலை லேசாக அசைந்தால் போதும்.

இந்த இரண்டு பயங்களும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன. மின் அதிர்ச்சி வரப்போகிறது என்பதற்கான அடையாளத்தை எலிகளுக்குப் பழக்கிவிட்டு, அந்த அடையாளம் இருக்கும்போது சத்தம் எழுப்பினால், அவை வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளுகின்றன என்று 1951-லேயே கண்டறிந்தார்கள். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி, மூளைத்தண்டின் குறுக்குவழியை முன்கூட்டியே முடுக்கி வைத்துவிடுகிறது. மனிதர்களுக்கு அடையாளம்கூட வேண்டாம், இருட்டே போதும். வெளிச்சத்தில் கேட்பதைவிட இருட்டில் கேட்கும் சத்தத்துக்கு நாம் கூடுதலாகத் திடுக்கிடுகிறோம் என்று 1997-இல் கிறிஸ்டியன் கிரில்லனும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். இரவில் நடமாடும் எலிகளுக்கு இது அப்படியே நேர்மாறு. அவற்றுக்குப் பளீரென்ற வெளிச்சம்தான் ஆகாது.

திரைப்படக்காரர்கள் இதை ஆய்வகங்களுக்கு முன்பே கைப்பழக்கத்தில் கற்றிருந்தார்கள். 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் காலடிச் சத்தம். சற்று நேரத்தில் அது நின்றுவிடுகிறது. அவள் நடை வேகமெடுக்கிறது. நாம் இருட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சீறிக்கொண்டு திரைக்குள் பாய்கிறது ஒன்று. வெறும் பஸ். தயாரிப்பாளர் வால் லியூட்டனின் பெயரால் இந்த உத்திக்கே ‘லியூட்டன் பஸ்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. நம்மைத் துள்ள வைத்தது பஸ்ஸின் சத்தம் அல்ல, அதற்கு முந்தைய ஒரு நிமிடம். ராபர்ட் வைஸ் இயக்குநராகத் தொழில் கற்றது இதே லியூட்டனிடம்தான்.

சரி, ஏன் வீடு? காட்டிலோ கடலிலோ வராத ஒரு நெருக்கம் பழைய மாளிகையில் ஏன் வருகிறது? ஜே ஆப்பிள்டன் என்ற புவியியலாளர் 1975-இல் ஒரு கருத்தைச் சொன்னார். தான் மறைந்திருந்து, அதே சமயம் சுற்றிலும் பார்க்க வசதியான இடம்தான் மனிதருக்குப் பிடிக்கும் என்றார். பேய் வீடு இந்த இரண்டையும் பறித்துக்கொள்கிறது. திரும்பிய இடமெல்லாம் மூலை, மூலைக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் என்னவென்று தெரியாது. ஒளிந்துகொள்ள வேண்டிய இடமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது. ஃபிராங்க் மெக்ஆண்ட்ரூ என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி போகிறார். உடல் கூசுகிற அந்த உணர்வு ஆபத்தினால் வருவதில்லை, ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் போவதால் வருகிறது என்கிறார். புலி வந்தால் ஓடிவிடலாம். மாடிப்படியில் ஏதோ சத்தம் கேட்டால் ஓடவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. உப்பும் கதவு நம்மை அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைக்கிறது. கதவு திறந்து ஒரு உருவம் வந்திருந்தால், எத்தனை கோரமாக இருந்தாலும், நமக்கு ஒரு விடை கிடைத்திருக்கும்.

இந்தப் படத்தின் மிகச் சிறந்த இடம் இனிமேல்தான் வருகிறது. படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

எலினோர் என்ற பெண் இரவில் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுக்கும் குரல், பிறகு ஒரு குழந்தையின் அழுகை. கேமரா சுவரில் உள்ள வேலைப்பாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இலையும் கொடியுமான வடிவங்கள்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் அதில் ஒரு கண் தெரிகிறது, அப்புறம் வாய். அவள் பக்கத்தில் இருக்கும் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். அந்தக் கை அவள் கையை நெரிக்கிறது. கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தோழி அறையின் இன்னொரு பக்கம் இருக்கிறாள்.

சுவரில் முகம் வரைந்தது இயக்குநர் அல்ல, நம்முடைய மூளை. வெறும் புள்ளிக் கலவையான படங்களைக் காட்டி, ‘இவற்றில் பாதியில் முகம் ஒளிந்திருக்கிறது’ என்று சொல்லி வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எதிலும் முகமே இல்லாதபோதும், 34 சதவீதத் தடவை முகம் தெரிகிறது என்றார்கள் பார்த்தவர்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், உண்மையான முகத்தைப் பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதி அப்போதும் வேலை செய்தது பதிவானது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அரள்வது, பிறகுதான் பேய் தெரிவது. பார்வை என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற ஒருவழிப் பாதை இல்லை. எதிர்பார்ப்பு எதிர்த்திசையில் இறங்கி வந்து, மங்கலான இடங்களை நிரப்புகிறது. பழைய பேய்ப்படம் மங்கலான இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. மீதியை நிரப்பும் மூளைக்கு, நாம் எதற்குப் பயப்படுவோம் என்பது அத்துப்படி.

காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் பேய் உணர்வைத் தருகிறது என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. பொறியாளர் விக் டாண்டி தன் ஆய்வகத்து மின்விசிறியை வைத்து 1998-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. சுவையான கதைதான். ஆனால் பிறகு தனி அறை கட்டி, அத்தகைய அதிர்வை உண்டாக்கிச் சோதித்தபோது, ஆட்களுக்கு ஏற்பட்ட விநோத அனுபவங்களுக்கும் அதிர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. ‘இங்கே ஏதாவது நடக்கலாம்’ என்று முன்னமே சொல்லி வைத்ததன் விளைவாகவே அவை இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எனக்கு அதுவே பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

அமிக்டலா இல்லாதவர்களுக்கு என்ன ஆகும்? மருத்துவ உலகம் எஸ்.எம். என்ற எழுத்துகளால் குறிப்பிடும் ஒரு பெண்ணுக்கு அரிய மரபு நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. அவரை ஒரு பேய் வீட்டுக் கண்காட்சிக்கு ஆய்வாளர்கள் அழைத்துப் போனார்கள். அவர் எல்லோருக்கும் முன்னால் நடந்தார், சிரித்தார். பேய் வேடமிட்டிருந்த ஒருவரின் தலையைக் குத்திப் பார்க்கப் போக, பயந்தது அந்த வேடக்காரர்தான். பேய்ப்படக் காட்சிகள் அவருக்குச் சுவாரஸ்யமாக இருந்தன. பயம் மட்டும் வரவில்லை.

நமக்கு வரும் பயத்தில் இன்பமும் கலந்திருக்கிறதே, அது எப்படி? டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகக் குழு, ஒரு பேய் வீட்டுக்கு வந்த 110 பேரின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து 2020-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. பயம் குறைவாக இருந்தாலும் ரசிக்கவில்லை, அளவு மீறினாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில்தான் ரசனை உச்சத்தில் இருந்தது. ஊகம் கொஞ்சம் தப்பிப் போக வேண்டும், முழுக்கக் கைவிட்டுப் போகக் கூடாது.

நான் அன்று அடைந்த சந்தோஷத்துக்கும் கணக்கு இதே ஊகத்தில்தான் இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அணுக்கள் துடித்தன. முன்கூட்டியே தெரிந்து கிடைத்தால், அதே பழச்சாறுக்கு அவை அசையவில்லை. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, நினைத்ததைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அங்கே பதிவாகிறது. ஒன்றும் இருக்காது என்று உட்கார்ந்தவனுக்கு அந்தக் கதவு உப்பியது.

மறுநாள் இரவு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி போட்டேன். மெல்லிய பலகை அடுக்குகளை ஒட்டிச் செய்த கதவு அது, பின்னாலிருந்து ஒரு ஆள் பலங்கொண்டு தள்ளினார் என்று அதற்குள் படித்திருந்தேன். எந்த நொடியில் உப்பும் என்பதும் தெரியும். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரம் முனகியது. கால்கள் மறுபடியும் மேலே ஏறிக்கொண்டன.