அந்தமானுக்குத் தொட்டி மண் வேண்டாம்

போன வாரமும் ஓர் அம்மா இரண்டு மல்லிகைத் தொட்டிகளோடு வந்து நின்றார். மகள் போர்ட் பிளேரில் இருக்கிறாளாம், கப்பலில் கொண்டுபோக வேண்டுமாம். "மண்ணுக்கு ஏதாவது மருந்து அடித்துக் கொடுங்கள் சார்."

தண்டையார்பேட்டையில் மாடித்தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அந்தமான் கப்பல் புறப்படும் வாரமென்றால் இந்தக் கோரிக்கை தவறாமல் வரும். தொட்டியைத் தூக்கினால் அடி ஈரத்தில் சாம்பல் நிறச் சிற்றுயிர்கள் பத்துப் பதினைந்து ஒட்டியிருக்கும். தொட்டதும் மிளகாக உருண்டுகொள்ளும். இவை பூச்சிகள் அல்ல. இறால், நண்டு வகையறா, ஐசோபாட் என்பார்கள். தரைக்கு வந்தும் ஈரம் இல்லாமல் மூச்சுவிடத் தெரியாதவை. நீங்கள் கப்பலிலும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிற தொட்டி அவற்றுக்குச் சொகுசு அறை.

"இலையைத் தின்று உரம் செய்கிறதுதானே, அங்கேயும் போய்ச் செய்யட்டுமே" என்கிறார்கள். "கடலில் மிதந்து எப்படியும் போய்ச் சேராதா?" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சேராது! நண்டுக்கும் இறாலுக்கும் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் போகும் குஞ்சுப் பருவம் உண்டு. ஐசோபாடுக்கு அது கிடையாது. தாய் வயிற்றடிப் பையில் முட்டைகளைச் சுமந்து, தாயைப் போலவே உருவான குட்டிகளாக வெளியே விடும். கடலில் அடித்துச் செல்லப்படும் மரக்கட்டையில் தொற்றி ஒன்றிரண்டு கரையேறுவது அபூர்வம். அப்படிக் கரையேறியவை உறவற்றுப்போய், நெடுங்காலத்தில் வேறு இனமாகவே ஆகிவிடுகின்றன. காசிமேட்டு அலைத்தடுப்புக் கற்களில் சரசரவென்று ஓடுகிறதே லிகியா என்ற ஐசோபாட், அதன் உறவினம் ஒன்று ஹவாயில் கடலை விட்டு மலைக்காட்டில் வாழ்கிறது. பெயர் லிகியா பெர்கின்சி. நெப்போலியன் 1821-இல் இறந்த செயின்ட் ஹெலினா தீவின் உச்சியில், மேகம் படியும் காட்டில், உடலெங்கும் முள் நிற்கும் மஞ்சள் ஐசோபாட் ஒன்று இருக்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. மனிதர் கொண்டுபோன ஆடுகளும் அயல் செடிகளும் காட்டைச் சுருக்கியபின் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அந்தமான் நம் கரையின் மிச்சத்துண்டு அல்ல. மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடரின் நீட்சி அது. அங்குள்ள உயிர்கள் பலவற்றின் சொந்தபந்தமும் அந்தப் பக்கம்தான். நமக்கும் அந்தமானுக்கும் நடுவில் கிடக்கும் சுமார் 1,200 கி.மீ. கடலை உங்கள் தொட்டி மூன்றே நாளில் தாண்டிவிடுகிறது. குபாரிஸ் முரினா என்ற உருளும் இனம் இப்படி மனிதரோடு போய்த்தான் வெப்பமண்டலத் தீவுகளில் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தமானுக்குப் போன ஆப்பிரிக்க நத்தை இன்று என்ன பாடு படுத்துகிறது என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

மருந்தா? மேல்மண்ணில் இருப்பது சாகும், வேர்ப்பந்துக்குள் இருப்பது பிழைக்கும். முட்டைப்பையோடு ஒரு பெண் பிழைத்தால் போதும். ஆணே இல்லாமல் பெருகும் இனங்களும் உண்டு. ஆகவே அடித்துத் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செடி போகட்டும், மண் போக வேண்டாம். மல்லிகையைத் தொட்டியோடு தூக்கிப்போவதே வீண் வேலை. முற்றிய கிளையில் மூன்று கணு விட்டு வெட்டி, அடியை ஈரத்துணியில் சுற்றினால் பயணத்தைத் தாங்கும். வேரோடுதான் வேண்டுமென்றால் வாளித் தண்ணீரில் ஒரு துளி மண் இல்லாமல் அலசுங்கள். அந்தத் தண்ணீரை உங்கள் மாடிச் செடிக்கே ஊற்றுங்கள். பழைய தொட்டி, அதன் அடியில் வைத்த செங்கல், ஈரச் சாக்கு எதுவும் கப்பலேறக் கூடாது. "மண்புழு உரம் ஒரு கைப்பிடி மட்டும்" என்று பேரம் பேசாதீர்கள் அம்மா. எரு அங்கேயே கிடைக்கும்.

கிளை வெட்டத் தெரியாவிட்டால் கப்பலுக்கு முந்தின நாள் தாய்ச்செடியைக் கொண்டுவாருங்கள். வெட்டிக் கட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.