மேப்பிள் மரத்தில் கத்தரி வைக்கும் முன்

அழகுக்காக வளர்க்கும் ஜப்பானிய மேப்பிள், கவாத்தே இல்லாமல் பல ஆண்டுகள் நன்றாக நிற்கும். யாரும் தொடாமல் விட்டுக் கெட்ட மரத்தைவிட, தவறான இடத்தில் வெட்டுப்பட்டுக் கெட்ட மரத்தைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. கத்தரியை எடுப்பதற்கு முன் இந்தக் கிளை ஏன் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் உடனே வராவிட்டால் கிளை இருக்கட்டும்.

நம் தோல் புண் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. வெட்டுப்பட்ட கட்டை அப்படியே உள்ளே இருக்கும். மரம் அதைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி அழுகலை அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் இதை விரிவாக விளக்கினார். அடிமரத்தோடு ஒட்டச் சீவிவிடும் பழைய வழக்கம் தவறென்று தெளிவானதும் அவருடைய ஆய்வால்தான்.

எங்கே வெட்டுவது? கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று தெரியும். அதைக் கிளைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கவட்டின் மேல்பக்கத்தில் பட்டை சுருங்கி ஒரு வரியாக ஓடும். வரிக்கு வெளியே தொடங்கி, கழுத்துக்கு வெளியே முடியும்படி வெட்ட வேண்டும். கழுத்தைச் சீவினால் தடுப்பு எழுப்பும் திசுவே போய்விடும். பயந்துகொண்டு 5 செ.மீ. கட்டையை நீட்டி விட்டாலும் ஆபத்துதான்: அது காய்ந்து, ஆரஞ்சு நிறப் பருக்கள் போன்ற பூஞ்சை அதில் குடியேறி, மெல்ல உயிருள்ள கட்டைக்குள் இறங்கும். காயத்தின் மேல் பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம். அவை அழுகலைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

மேப்பிளின் பட்டை மெல்லியது, சுலபமாகக் கிழியும். கட்டைவிரலைவிடத் தடித்த கிளை என்றால் மூன்று வெட்டு தேவை. அடிமரத்திலிருந்து 20–30 செ.மீ. தள்ளி, கீழிருந்து மேலாகக் கால் பங்கு தடிமன் வரை முதல் வெட்டு. அதற்கும் சில செ.மீ. வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரிக்காமல் விழுந்துவிடும். மிஞ்சிய கட்டையைக் கையில் தாங்கிக்கொண்டு, கழுத்துக்கு வெளியே மூன்றாவது. இதற்கு இழுக்கும்போது அறுக்கும் மடக்கு ரம்பம் போதும். சிம்புகளுக்கு இரண்டு அலகும் ஒன்றையொன்று கடந்துபோகும் கத்தரி வேண்டும். தட்டையான அடிப்பலகையில் வைத்து நசுக்கும் வகை இந்த மரத்துக்கு ஆகாது.

சிம்பைக் குறைக்கும்போது, மற்றச் செடிகளில் பழகிய சாய்வு வெட்டை மறந்துவிடுங்கள். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். சாய்த்தால் ஒன்று வெட்டுக்கு மிக அருகில் வந்து காய்ந்துவிடும். ஜோடிக்கு மேலே 3–5 மி.மீ. விட்டு நேராக வெட்டுங்கள். இரண்டும் முளைத்தால் கவடு உண்டாகும்; ஒரே திசையில் வளர வேண்டுமானால் வேண்டாத மொட்டை விரலால் தேய்த்து உதிர்த்துவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, குளிர்காலக் கடைசியிலிருந்து இலை விரியும்வரை பச்சைக் கிளையைத் தொடக் கூடாது. பட்டையைக் குத்திச் சர்க்கரைச் சாறு வடிக்கிறார்களே, அந்த மேப்பிளின் உறவுதான் இதுவும். அந்த நாட்களில் வெட்டினால் வெட்டுவாய் நாள்கணக்கில் ஒழுகும். அதனாலேயே மரம் செத்துவிடாது என்றாலும் தேவையற்ற வேலை. இலைகள் முழுதாக முற்றிய நடுக்கோடை நல்ல பருவம். மரத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துத் திருத்த வேண்டுமானால், இலை முழுதும் உதிர்ந்த பின் குளிர்காலத் தொடக்கத்தில் செய்யலாம். காய்ந்த சிம்பை எப்போதும் எடுக்கலாம். நிழல்பட்ட உட்சிம்புகளை மேப்பிள் தானே காயவிடும். நகத்தால் சுரண்டினால் பச்சை தெரியாது, வளைத்தால் ‘பட்’டென்று ஒடியும்.

முதலில் காய்ந்தவை, பிறகு ஒன்றோடொன்று உரசுபவற்றில் நலிந்தது, அதன் பிறகே அழகு. பல மரங்களில் முதல் இரண்டோடு வேலை முடிந்துவிடும். ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு தழைக்கு மேல் எடுக்காதீர்கள். அதிகமாக எடுத்தால், நிழலில் இருந்த மெல்லிய பட்டை திடீரென வெயிலில் பட்டு வெடிக்கும். அடிமரமெங்கும் நெட்டையான நீர்ப்போத்துகள் கிளம்பும். உயரத்தைக் குறைக்க உச்சியை மொட்டையடித்தாலும் இதே கதி. குறைத்தே ஆக வேண்டுமென்றால், வெட்டும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளை பிரியும் இடம்வரை பின்வாங்கி வெட்டுங்கள். வேலிக்கத்தரி வேண்டவே வேண்டாம். நட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றில் காய்ந்ததைத் தவிர எதுவும் வேண்டாம்.

இலை நூல் நூலாகக் கிழிந்து குடைபோலக் கவியும் வகையை வெளியிலிருந்து வெட்டுபவர்கள் கூம்பிய பந்து ஒன்றைத்தான் உண்டாக்குகிறார்கள். குடைக்குள் குனிந்து, உள்ளிருந்து வெளியே வேலை செய்யுங்கள். அடியில் குவிந்த காய்ந்த சிம்புகள் போனாலே அடிமரத்தின் நெளிவு தெரிய ஆரம்பிக்கும். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை எழுந்து தள்ளி நின்று பாருங்கள்.

பெயர் பெற்ற இரகங்கள் பெரும்பாலும் ஒட்டுக்கட்டியவை. ஒட்டுக்குக் கீழே சாதாரணப் பச்சை இலையோடு போத்து கிளம்பினால், அது வேர்க்குச்சியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடியின், தளிர். விட்டுவைத்தால் மேலே உள்ள இரகத்தை அமுக்கிவிடும். இளசாக இருக்கும்போதே அடியோடு நீக்குங்கள்.

கோடையில் ஒரு கிளை மட்டும் திடீரென வாடி, வெட்டிப் பார்க்கும்போது கட்டையில் பச்சை கலந்த பழுப்புக் கோடுகள் தெரிந்தால், அது மண்வழி வரும் வெர்டிசிலியம் வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மருந்து இல்லை. வாடிய கிளையை நீக்கி, வறட்சியில் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். சில மரங்கள் தேறும். கத்தரியையும் ரம்பத்தையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துவிட்டே அடுத்த மரத்துக்குப் போங்கள். வெட்டிய கட்டையைத் தூளாக்கி மூடாக்காகப் போடாதீர்கள். மரம் செத்துவிட்டால் அதே குழியில் இன்னொரு மேப்பிள் நட வேண்டாம். பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.